ஒரு இலை கூடுதலாக

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காலை ஒன்பது மணிக்குக் காய்கறிக் கடைகள் பக்கம் போனால் கால் வைக்க இடம் இருக்காது. போன ஆனி மாதம் ஒருநாள் அந்த நெரிசலில் ஒரு வெளிநாட்டு அம்மாள் நின்றார். குவியலிலிருந்து ஒரு பீர்க்கங்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, "பிபங்காய்" என்றார்.

கடைக்கார அக்கா நிமிர்ந்தார். "பீக்கங்காதாம்மா. எத்தினி கிலோ?"

அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் தமிழ் தெரியாது. பக்கத்தில் கூடையைக் காட்டி "கலுப்பிலே" என்றார். கறிவேப்பிலை. அடுத்த கட்டு, "கொத்தொமிலி". அதைத் தாண்டி முருங்கைக்கீரைக் கட்டு, "முரூம்". ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்காவுக்கு வியாபாரம் மறந்துவிட்டது. "இன்னா சார் இது, நம்ம ஆளா, வேற ஊரா?" என்று கூட வந்திருந்த வாத்தியாரைக் கேட்டார்.

வாத்தியாருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வெளிநாட்டு அம்மாள் என்றதும் வெள்ளைக்காரப் பெண்மணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். முகம் நம் விழுப்புரம் பக்கத்து முகம். தலைமுடியை ஒட்ட வெட்டி, பேண்ட் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெற்ற நர்ஸ். ஊர் ரெயூனியன் தீவில் சேன்ட் ஆந்த்ரே. இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில், இன்றைக்கும் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கிற தீவு அது.

வாத்தியார் முத்தியால்பேட்டைக்காரர். பள்ளியில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. பழைய பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்வது. புதுச்சேரியில் அது சின்ன வேலை இல்லை. தாத்தாவின் பிறப்புப் பதிவு, பாட்டியின் கல்யாணப் பதிவு, சொல்தாவாகச் சைகோனில் இருந்த மாமாவின் பென்ஷன் கடிதம் என்று ஏதாவது ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். அந்தக் கோணல் கையெழுத்தில் ஒரு எழுத்து தவறாகப் படித்தால் ஒரு குடும்பத்தின் குடியுரிமையே தள்ளிப்போகும். அதனால் வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிப்பார். காசு வாங்க மாட்டார். மாம்பழ சீசனில் மாம்பழம் வாங்கிக்கொள்வார்.

இந்த அம்மாளும் அப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே ஒரே ஒரு நகல். தீவுக்கு வந்து இறங்கிய கூலிகளைப் பதிந்த பேரேட்டின் ஒரு வரி.

முதலில் ஒரு எண். அப்புறம் ஒரு பெண்ணின் பெயர். அப்பா பெயர். வயது 19. பிறந்த ஊர். கையில் ஒரு குழந்தை, பெண். அந்தக் குழந்தைக்குத் தனியாக இன்னொரு எண்.

"என் பாட்டியின் பாட்டி இவர். எந்த ஊர் என்று மட்டும் படித்துச் சொல்லுங்கள் முசியே, போதும்" என்றார். அதற்காகத்தான் விமானம் ஏறி வந்திருக்கிறார்.

வாத்தியார் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஊர் என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள். இரண்டாவது சொல்லில் மை கலைந்திருந்தது. முதல் சொல்லை மூன்று முறை உச்சரித்துப் பார்த்தார். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உடனே சொல்லவில்லை. "சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கிறேன் மதாம். வாருங்கள், மார்க்கெட் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளப்பிக்கொண்டு போனார். அங்கேதான் பீர்க்கங்காய்க் கதை நடந்தது.

அந்தத் தீவுக்கு நம் மக்கள் எப்படிப் போனார்கள் என்பது புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பாதிதான் தெரியும். சைகோன் போன கதை எல்லாருக்கும் தெரியும். அது உத்தியோகத்துக்குப் போன கதை, அந்த வீடுகளில் போட்டோ மாட்டியிருக்கும். கரும்பு வெட்டப் போனவர்களுக்குப் போட்டோ கிடையாது.

பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1848இல் ஒழித்தது. ரெயூனியனில் அந்த வருடம் டிசம்பர் 20ஆம் தேதி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். விடுதலை ஆனவர்கள் எத்தனை பேர் பழைய முதலாளியின் கரும்புக் கொல்லைக்குத் திரும்புவார்கள்? தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரான்சின் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. இரண்டும் சின்ன ஊர்கள். சுற்றிலும் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்கள். அங்கே பசி இருந்தது.

மேஸ்திரிகள் கிளம்பினார்கள். சந்தையில், சத்திரத்தில், திருவிழாக் கூட்டத்தில் ஆள் பார்த்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். கடன்பட்டவன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், புருஷன் விட்டுப்போனவள், எல்லோரும் இவர்கள் கண்ணில் பட்டார்கள். பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று நம் பாட்டிமார் குழந்தைகளை மிரட்டியது சும்மா இல்லை. இதற்கும் நூறு வருடம் முன்பே, 1743இல், அடிமைக் கப்பலுக்காக ஆட்களைக் கடத்தியதைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஒப்பந்தம் 5 வருடம். முடிந்தால் இலவசமாகத் திரும்பி வரலாம் என்று காகிதத்தில் இருந்தது. அடிமை முறை வேறு பெயரில் வருகிறதோ என்று கேள்வி எழுந்தபோது 1860லும் 1861லும் பிரிட்டனும் பிரான்சும் உட்கார்ந்து விதிமுறைகள் எழுதின. ஆள் கப்பல் ஏறும் முன் மனமறிந்து போகிறாரா என்று விசாரிக்கப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், பெண்கள் இத்தனை விகிதம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். பெண் கணக்கு குறைந்தால் கப்பல் கிளம்பத் தாமதமாகும். அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு தனியாக நிற்கிற 19 வயதுப் பெண்ணை மேஸ்திரி எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

ரெயூனியனுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். அட்லாண்டிக் தாண்டிக் கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். 'ஒரேலி' என்ற கப்பல்தான் அந்த இரண்டு தீவுகளுக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோனது, 1853 மே மாதம் மார்த்தினிக்குக்கு, 1854 டிசம்பர் 24ஆம் தேதி குவாதலூப்புக்கு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். குவாதலூப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை.

ரெயூனியன் அவ்வளவு தூரம் இல்லை. ஒரு மாதம் போலத்தான். இறங்கியதும் நேராகத் தோட்டத்துக்கு விட மாட்டார்கள். கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு லாசரே, தொற்றுநோய்த் தடுப்புக் கூடம். அங்கே அடைத்து வைத்து, காலரா இல்லை அம்மை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிரித்து அனுப்புவார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. நம் விருந்தாளி அம்மாள் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்.

"எண்ணைக் கொடுத்தால்தான் சம்பளம், எண்ணைக் கொடுத்தால்தான் அரிசி. என் பாட்டிக்குத் தன் பாட்டியின் எண் மனப்பாடம். ஊர் பெயர் மனப்பாடம் இல்லை" என்றார்.

இது நம்மவர்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. அதே காலத்தில் ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆள் போனது. 1885இலிருந்து 1894 வரை அரசாங்க ஒப்பந்தத்தில் மட்டும் சுமார் 29,000 பேர். அவர்களுக்கு 'பாங்கோ' என்று ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். ஜப்பான் மொழியில் பாங்கோ என்றால் எண். கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவான். அப்படிப் போனவர்களில் பலர் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் நகர்ந்தார்கள், பழத்தோட்டம் போட்டார்கள், சலவைக்கடை வைத்தார்கள். 1942இல் யுத்தத்தைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு சுமார் 1,20,000 பேரைக் குடும்பத்தோடு முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, மறுபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். குழந்தையின் சட்டையிலும் அந்த எண் எழுதிய சீட்டு.

நம் ஆட்களுக்குத் தீவில் பெயரும் போனது. முத்துசாமி என்பது ஒருவனுடைய பெயர். எழுத்தர் அதைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார். முன்னால் ஒரு ஞானஸ்நானப் பெயர் சேர்ந்தது. இப்படித்தான் ராமசாமிகளும் வீரப்பிள்ளைகளும் ழான், மரி என்ற பெயர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்றுவரை பிரெஞ்சு டெலிபோன் புத்தகத்தில் இருக்கிறார்கள். தீவில் இவர்களுக்குப் பொதுப்பெயர் 'மல்பார்'. சோழ மண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு மலபார்க்காரர் என்று பெயர்! வெள்ளைக்காரனுக்குக் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சம்பளமில்லாத வேலை. கையில் வேலைப் புத்தகம் இல்லாமல் ரோட்டில் நடந்தால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள். புகார்கள் குவிந்து 1877இல் கோல்ட்ஸ்மித் என்ற ஆங்கிலேயரும் மியோ என்ற பிரெஞ்சுக்காரரும் தீவுக்குப் போய் விசாரித்தார்கள். 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. கரீபியன் தீவுகளுக்கும் அந்தப் பத்து வருடத்துக்குள் நின்றது. 1908இலிருந்து 1918 வரை புதுவையில் இருந்த பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாடினார். அவர் நடந்த இதே கடற்கரையிலிருந்துதான் அதற்கு முன்னால் ஒரு தலைமுறையே கரும்புக்குப் போயிருந்தது.

போன இடத்தில் பிறந்த பிள்ளைகள் யார்? இந்தியரா, பிரெஞ்சுக்காரரா? குவாதலூப்பில் இந்தக் கேள்வியைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் ஆன்ரி சிதம்பரம். அங்கே காப்பஸ்தேர் என்ற ஊரில் 1863இல் பிறந்தவர். இந்தியப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது என்று 1904இல் சொன்னபோது வழக்குப் போட்டார். 1923இல்தான் தீர்ந்தது. ஒரு ஓட்டுக்காக 19 வருடம். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களின் முதல் தலைமுறை குடியுரிமை கேட்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் சிதம்பரம் இறந்தார்.

சாயங்காலம் வாத்தியாரும் அந்த அம்மாளும் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். வாத்தியாரின் வீட்டம்மாவும் கூட வந்தார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது, கேட்டால் புரியும். புதுச்சேரியில் இப்படி நிறையப் பேர் உண்டு.

பழைய பாலத்தின் தூண்கள் கடலுக்குள் நிற்பதை வாத்தியார் காட்டினார். 1860களில் கட்டியது, 1952 புயலில் போனது. "உங்கள் பாட்டி இதில் நடந்திருக்கலாம். இல்லையென்றால் சலங்கு." கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகில் ஆளை ஏற்றி, அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள். படகு ஓட்டுகிறவர்கள் நம் மீனவர்கள். நனையாமல் யாரும் கப்பல் ஏறியிருக்க முடியாது. எதிரே பழைய கலங்கரை விளக்கம், 1836இல் ஏற்றியது. கப்பலிலிருந்து திரும்பிப் பார்த்தவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்த வெளிச்சம் அதுதான்.

அங்கே உட்கார்ந்துதான் வாத்தியார் விஷயத்தைச் சொன்னார்.

"மதாம், அந்த இரண்டு சொல்லில் முதல் சொல் 'சுத்'. தெற்கு. அடுத்தது ஆர்க்காடு. அது ஊர் பெயர் இல்லை. ஜில்லா பெயர். தென்னார்க்காடு." அது இப்போது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டமாகக் கிடக்கிறது. அதில் எத்தனை ஆயிரம் கிராமம்! எழுத்தர் ஊரைக் கேட்டிருப்பார், இவர் சொல்லியிருப்பார், அவருக்கு விளங்கியிருக்காது, ஜில்லாவைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

அந்த அம்மாள் அழவில்லை. நகலை மடித்து உறைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "சரி, எந்த ஊரோ இருக்கட்டும். எங்களை யாராவது தேடினார்களா? இங்கே?"

இந்தக் கேள்விக்கு வாத்தியாரிடம் காகிதம் எதுவும் இல்லை. போனவர்களுக்குப் பேரேடு இருக்கிறது. காத்திருந்தவர்களுக்கு இல்லை. கப்பல் போன மறுநாள் கரையில் வந்து விசாரித்த அம்மாவையோ, மேஸ்திரி வீட்டு வாசலில் நின்ற அண்ணனையோ யார் பதிந்து வைத்தார்கள்? அவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டம்மாதான் தமிழில் ஆரம்பித்தார். "ஏங்க, உங்க ஆயா போடுவாங்களே, அதைச் சொல்லுங்க."

"எதை?"

"ஆடி அமாவாசைக்கு. இன்னொரு இலை."

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபது வருடமாகப் பார்த்துப் பழகிய விஷயம், அதனால் கண்ணில் படாமல் போன விஷயம். ஆடி அமாவாசைப் படையலில் செத்துப்போன தாத்தாவுக்கு ஒரு இலை, கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு இலை போட்ட பிறகு, ஓரமாகச் சின்னதாக இன்னொரு இலை போடுவார் ஆயா. யாருக்கு என்றால் "கரும்பு வெட்டப் போனவருக்கு" என்பார். கொள்ளுத்தாத்தாவின் தம்பி. செய்தி வரவில்லை. செத்த தேதி தெரியாது, அதனால் திதி கொடுக்க முடியாது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அமாவாசைதான். உயிரோடு இருக்கும்போதே படைத்துவிட்டால் பாவம் என்று ஆரம்பத்தில் ரொம்ப வருடம் போடாமல் இருந்தார்களாம். நூறு வயது தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் போட ஆரம்பித்தார்களாம்.

வாத்தியார் இதைப் பிரெஞ்சில் சொன்னார். அவருக்குத் திதி என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை, அமாவாசைக்குக் கிடைத்தது. நடுவில் குரல் கொஞ்சம் பிசிறியது. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த இலையில் என்ன வைப்பீர்கள்?"

வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் என்று வீட்டம்மா விரல் விட்டுச் சொன்னார். ரசத்துக்கு வந்ததும் அந்த அம்மாள் "லார்சோன்" என்றார். தீவில் ரசத்துக்கு அதுதான் பெயர். காய்ச்சல் வந்தால் அவர் வீட்டில் இன்றைக்கும் மிளகு தட்டிப் போட்டு வைப்பார்களாம். இருட்டும் வரை சமையல் பேச்சுத்தான் ஓடியது. தீ மிதிப்பு பற்றியும் வந்தது. சேன்ட் ஆந்த்ரேயில் பந்தியாலேக்குத் தீ மிதிக்கிறார்கள். பாஞ்சாலிதான் பந்தியாலே ஆகியிருக்கிறாள். காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்களே சாயங்காலம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வருவார்கள் என்றார். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடப்பதும் அதே பாரதக் கதை, அதே நெருப்பு.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது வீட்டம்மா மெதுவாக, "நம்ம ஆளா இருந்தாலும் இருக்கும்ங்க" என்றார்.

"இருக்காது. அது பொம்பளை, நம்மது ஆம்பளை. பேரேடு வேற, கப்பல் வேற. நமக்கு எந்தத் தீவுன்னே தெரியாது" என்று வாத்தியார் கறாராகச் சொன்னார். காகிதம் படிக்கிறவர் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். ஆசைப்பட்டதைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் அவரிடம் யார் வருவார்கள்?

அந்த அம்மாள் மூன்று நாளில் கிளம்பினார். போகிற வழியில் திண்டிவனம், விழுப்புரம் என்று ஒரு காரில் சுற்றிவிட்டு, எந்த ஊர் என்று தெரியாததால் எல்லா ஊரையும் பார்த்துவைத்துக்கொண்டு, சென்னையில் விமானம் ஏறினார். பீர்க்கங்காய் விதை எடுத்துப்போக ஆசை. விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று வாத்தியார் தடுத்துவிட்டார். ஊருக்குப் போனதும் தன் கொல்லைப் பந்தலின் படம் ஒன்றை அனுப்பினார். பந்தல் முழுக்கப் பீர்க்கங்காய்.

ஆடி அமாவாசை வந்தது. வீட்டம்மா விடியற்காலையிலேயே குளித்துவிட்டு நுனி இலையாகப் பார்த்து நறுக்கி வைத்தார். மாமனாருக்கு, மாமியாருக்கு, பெரியவர்களுக்கு. ஓரத்தில் கரும்பு வெட்டப் போனவருக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துத் தண்ணீர் தெளித்தார்.

வாத்தியார் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஏங்க, அந்தம்மாவோட பாட்டி பேரு இன்னா? எனக்கு வாயில வரல" என்றார் வீட்டம்மா.

வாத்தியாருக்கு எண்தான் சட்டென்று நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, செல்போனில் எடுத்துவைத்த நகலைத் தேட ஆரம்பித்தார்.